கறியை விட்டவர்கள்

அத்தியாயம் பதினொன்று

"விளக்க அணைங்க" என்றாள் டாக்டர்.

"அணைச்சா ஒண்ணுமே தெரியாதே மேடம்" என்றான் ஆடு உரிப்பவன்.

"குழல் விளக்கு வெளிச்சத்துல எல்லாமே ஒரு மாதிரிதான் தெரியும். கதவத் திறங்க."

இறைச்சிக்கூடத்தின் இரும்புக் கதவை இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேகம் வேறு. உள்ளே வந்தது வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிற ஒரு வெளுப்பு. கொக்கிகளில் உரித்துத் தொங்கவிட்டிருந்த ஆறு செம்மறிகளை அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

நான்கில் கொழுப்பு மஞ்சளாக இருந்தது. அதில் சந்தேகமில்லை. தின்ற தீனியால் வந்த மஞ்சளா, காமாலையால் வந்ததா என்பதுதான் கேள்வி. தீனியென்றால் கொழுப்போடு நின்றுவிடும்; முத்திரை குத்தி அனுப்பிவிடலாம். காமாலை என்றால் கண்ணின் வெள்ளையிலும் மூட்டுச் சவ்விலும் ஏறியிருக்கும்; குழியில்தான் போட வேண்டும்.

கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். மஞ்சள் இருக்கிற மாதிரியும் இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. ஓர் ஆட்டின் சிறுநீரகம் மட்டும் வழக்கத்தைவிடக் கறுத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

கறியைச் சோதிக்கும் கால்நடை மருத்துவர் அவள்; சந்தையில் 'முத்திரையம்மா' என்று பெயர். ஒரு பார்வை, ஒரு கீறல், ஒரு முத்திரை, அடுத்தது என்று போய்க்கொண்டே இருப்பவள். அப்படிப்பட்டவள் இன்று ஒரே ஆட்டை மூன்றாம் தடவை சுற்றி வருவதைப் பார்த்து, உரிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள்.

காரணம் அவர்களுக்கும் தெரியும். ஆடுகள் அவளுடைய கொழுந்தனுடையவை.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சின்னவன் தன் புதுக் கறிக்கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று, குடும்பமே கூடி உட்கார்ந்திருந்தபோது, அவள் கறித் தட்டைத் தொடாமல் நகர்த்திவைத்தாள். "இனிமே எனக்கு வேண்டாம். விட்டுட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சரியான பதில் சொல்லவில்லை. சின்னவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனவன் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நடுவே பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

இன்று அவனே வந்துவிட்டான்.

"என்ன அண்ணி, இன்னுமா முடியல? விடுதி சமையல்காரர் ஃபோன் மேல ஃபோன் போடறார்."

கல்லூரி விடுதிக்கு இன்றுதான் முதல் தடவை கறி போகிறது. இது நன்றாகப் போனால் வருஷம் முழுக்க அவன் கடைதான் என்று பேச்சு. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் புதுக் கடையே பிடித்திருந்தான்.

"தம்பி, எல்லாம் ஒரே கொட்டகை ஆடு. ஆறும் ஒரு நாள் குளிர் அறையில தொங்கட்டும். நாளைக்குக் காலைல பாத்துட்டுச் சொல்றேன்."

"நாளைக்கா?"

"லேசான மஞ்சளா இருந்தா ஒரு நாள்ல வெளுத்துடும். காமாலைன்னா அப்படியே நிக்கும். இப்போ என்னால உறுதியாச் சொல்ல முடியல."

"இவ்வளவு நாள்ல உங்களால உறுதியாச் சொல்ல முடியாத ஆடே இல்லியே அண்ணி. என் ஆடு வந்தாத்தான் சந்தேகம் வருமா?"

"வெளிச்சம் சரியில்ல."

"வெளிச்சம் நேத்தும் இப்படித்தான் இருந்துது." அவன் குரல் உயர்ந்தது. உரிப்பவர்கள் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார்கள். "நீங்க சாப்பிடறதில்ல. சரி, உங்க வாய், உங்க இஷ்டம். அதுக்காக ஊரே சாப்பிடக் கூடாதா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மஞ்சள் ஆட்டுல இல்ல அண்ணி. உங்க மனசுல இருக்கு."

அதே எண்ணம் அவளுக்கும் காலையிலிருந்து உள்ளே குடைந்துகொண்டிருந்தது. கறியைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் நிலைக்கு வந்துவிட்டோமோ? நல்ல ஆட்டைக்கூட நோய் என்று பார்க்கிறோமோ?

"நாளைக்குக் காலைல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

சின்னவன் வண்டிக் கதவை அறைந்து சாத்திய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

* * *

அவன் நேராக வியாபாரிகள் சங்கத் தலைவரிடம் போயிருக்கிறான். தலைவர் அவளுடைய மேலதிகாரிக்கு ஃபோன் போட்டிருக்கிறார். அவள் கைகால் கழுவி முடிப்பதற்குள் மாடியிலிருந்து ஆள் வந்துவிட்டது.

அதிகாரி நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய தயக்கத்தோடு, மேஜை மேலிருந்த பேனாவை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தார்.

"உக்காருங்க டாக்டர். சங்கத் தலைவர் பேசினார். நீங்க சைவத்துக்கு மாறிட்டீங்களாமே?"

"மாறறதுக்கு அது என்ன கட்சியா சார்? கறி சாப்பிடறத விட்டேன், அவ்வளவுதான்."

"காரணம்?"

"அது எதுக்கு சார்?"

"கறியே கூடாதுன்னு கொள்கை இருக்கறவங்க, கறி நல்லதா கெட்டதான்னு எப்படி நியாயமாச் சொல்வாங்கன்னு கேக்கறார். நானும் யோசிச்சுப் பாத்தேன். கேள்விய ஒரேடியா ஒதுக்கிட முடியல."

"நீங்க கறி சாப்பிடுவீங்களா சார்?"

"நானா?" அதிகாரி இதை எதிர்பார்க்கவில்லை. "எங்க வீட்டுல யாரும் சாப்பிடறதில்ல. சின்ன வயசுலேர்ந்தே பழக்கமில்ல."

"இந்த நாற்காலிக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்களும் கீழ நின்னு முத்திரை குத்தினவர்தானே? யாராவது உங்கள வந்து காரணம் கேட்டாங்களா?"

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

"கேக்கல" என்றார்.

"தொடவே தொடாதவங்களுக்கு அது பழக்கம். சாப்பிட்டுட்டு இருந்தவ விட்டா மட்டும் கொள்கையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் பேனா இடம் மாறிக்கொண்டுதான் இருந்தது.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா ஆடு உங்க கொழுந்தனோடது. நேத்து நான் யோசிச்சிருக்கணும், வேற ஆளப் பாக்கச் சொல்லியிருக்கணும். தப்பு என் பேர்லயும் இருக்கு. நாளைக்குக் காலைல நானே வரேன். வெளியிலேர்ந்து இன்னொரு டாக்டரையும் கூட்டிட்டு வரேன். மூணு பேரும் சேர்ந்து பாப்போம்."

"சரி சார்."

"அதுவரைக்கும்..." என்று இழுத்தார். "முத்திரைய என்கிட்டக் குடுத்துட்டுப் போங்க."

அவள் பையைத் திறந்து முத்திரையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கைப்பிடி தேய்ந்து அவள் உள்ளங்கைக்கு ஏற்றபடி ஆகியிருந்தது. கீழே இறங்கி வரும்போது, படிக்கட்டில் எதிரே வந்தவர்கள் வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

* * *

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு மனது ஒரு நிலையில் இல்லை. ஸ்கூட்டரை இரண்டு தடவை தவறான தெருவில் திருப்பினாள்.

கறியை விட்டதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். உடம்பைக் குறைக்கத்தான் என்றாள் ஓரகத்தி. வேலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள் என்றான் கணவன். பெரிய மனுஷி ஆகிவிட்டாள், இனி நம் சாப்பாடு எப்படிப் பிடிக்கும் என்று சின்னவன் யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது. அவளும் ஆளுக்கொரு பதில் சொல்லித் தப்பித்தாள். ஒருத்தியிடம் வயிறு சரியில்லை என்றாள். இன்னொருவரிடம் தோன்றவில்லை என்றாள்.

மாமனாருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்கவேயில்லை.

வீட்டில் ஓரகத்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். முகம் இரண்டு முழம் நீண்டிருந்தது.

"வாங்க அக்கா. உங்க தட்டுல கறி வைக்கல, பயப்படாதீங்க. காய்தான். வேணும்னா அதையும் ஒரு நாள் குளிர் அறையில வச்சுட்டுச் சாப்பிடுங்க."

"நீ உண்டாயிருந்தப்போ நாலு மாசம் கறிவாசனையே ஆகலன்னு அடுப்படிப் பக்கமே வரல. நான் ஏதாவது சொன்னேனா?"

"அது வாந்தி. இது வீம்பு."

எதிரே மாமனார் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் கறி இருந்தது. அதை அவர் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். பிறகு மெதுவாக, யாரும் பார்க்காதபோது, அதன்மேல் காயை இழுத்து மூடினார்.

"கறி அப்படியே இருக்கே மாமா" என்றாள் ஓரகத்தி.

"பல்லு வலிக்குதும்மா."

"போன மாசம்தானே முழுசா மாத்தினீங்க? கட்டின பல்லு எப்படி வலிக்கும்?"

"ஈறு" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்தார். கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

டாக்டருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கொல்லையில் இருக்கிற மற்ற ஆடுகளையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்திருந்தாள். சின்னவன் இந்தத் தடவை சந்தையில் வெட்டுக்கு ஆடு வாங்காமல், குட்டிகளாக வாங்கிக் கொட்டகையில் வளர்த்து, தயாரானதும் வெட்டுவது என்று ஏற்பாடு செய்திருந்தான். வளர்க்கிற வேலை அப்பாவுக்கு. கறிக்கடையைத் தொடங்கி இத்தனை வருஷம் நடத்தியவருக்கு ஓய்வுக்காலத்தில் ஒரு பொழுதுபோக்கு.

அவள் கொல்லைக்கு வந்தபோது, மாமனார் தட்டில் இருந்த கறியைச் சுவரோரம் நின்ற நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை மாதிரி விழித்தார்.

"எவ்வளவு நாளா மாமா?"

"நீ சொல்றதுக்கு முன்னாடிலேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"கறிக்கடை வச்சிருந்தவன் கறிய விட்டுட்டேன்னு சொன்னா, கடைக்கு எவன் வருவான்? ஆட்டுல ஏதோ கோளாறுன்னு நினைக்க மாட்டானா? உனக்குத் தைரியம், மேஜைல வச்சே சொல்லிட்ட. நான் பல்லு மேல பழியப் போட்டுட்டு ஓட்டறேன்."

அவள் சிரித்துவிட்டாள்.

மாமனார் கொட்டகைக் கதவைத் தள்ளினார். உள்ளே இருந்த செம்மறிகள் அவரைப் பார்த்ததும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. ஒன்று அவர் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தது.

"அப்பல்லாம் காலைல ஆடு வரும், மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும். வாழ்நாள் பூரா வெட்டியிருக்கேன். ஒண்ணோட மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு. கிடையாது. இப்போதான் முதல் தடவையா கூடவே இருந்து பாக்கறேன். இது பொறாமை பிடிச்சது, இன்னொண்ணத் தடவினா முட்டும். அதோ அது தூங்கும்போது குறட்டை விடும். நெஜம்மா." அவர் குரல் தாழ்ந்தது. "ஒரு நாள் தட்டுல கறி வந்துது. யாரா இருக்கும்னு தோணிடுச்சு. அப்புறம் வாய்க்குள்ள போகல."

அவள் பக்கத்தில் வந்த ஒன்றின் நெற்றியைத் தடவினாள்.

"ஆனா ஒரு குறை வைக்கல" என்று நிமிர்ந்தார். "இருக்கற வரைக்கும் நல்லா இருக்கட்டும்னு, பக்கத்துப் பால்பண்ணைல கேட்டு, மாட்டுக்குக் கட்டற தாது உப்புக்கட்டி வாங்கிக் கட்டினேன். பாரு, எப்படி ஆசையா நக்குதுங்க. இது மூணாவது கட்டி."

கூரைக் கம்பிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது அது. செங்கல் அளவு இருக்க வேண்டிய கட்டி, நடுவே குழிந்து பிறை மாதிரி ஆகியிருந்தது.

டாக்டருக்குக் காலையில் கையில் வைத்திருந்த அந்தக் கறுத்த சிறுநீரகம் கண்முன் வந்தது.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. முந்தின நாள் ஆடுகளை வண்டியில் ஏற்றி இறக்கியபோது அவை சோர்ந்து நின்றதும், வண்டிக் களைப்பு என்று அவள் விட்டதும்கூட. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கண்ணில் கோளாறில்லை, மனதில் கோளாறில்லை. ஆனால் மாமனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுதானேம்மா?"

"மாமா, அந்தக் கட்டிய அவுத்துடுங்க."

"ஏன்?"

"அதுல செம்புச் சத்து இருக்கு. மாட்டுக்கு அது வேணும். செம்மறிக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா ஈரல்ல போய்ச் சேர்ந்துட்டே இருக்கும், வெளியில ஒண்ணும் தெரியாது. வண்டில ஏத்தினா, விரட்டினா, பயந்தா, எல்லாம் ஒரேயடியா ரத்தத்துல இறங்கிடும். அதுதான் மஞ்சள்."

அவர் கயிற்றை அவிழ்க்கப் போன கை பாதியில் நின்றது. மெல்லத் தீனித்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஆசையா வச்சேன்மா" என்றார்.

அவள் முடிச்சை அவிழ்த்துக் கட்டியை எடுத்து வெளியே வைத்தாள். திரும்பி ஆடுகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"இன்னும் ரெண்டு எங்க மாமா?"

"காலைல சின்னவன் வந்து ஓட்டிட்டுப் போனான். கூடத்துலேர்ந்து கறி கிடைக்கலன்னா என்ன, கடைக்குப் பின்னாடி வச்சு முடிச்சு, இன்னிக்குத் தேவைக்கு ஒப்பேத்திடறேன்னான். பெரியவனத்தான் வண்டி கொண்டு வரச் சொன்னான்."

பெரியவன் என்றால் அவள் கணவன். குளிர்பெட்டி பழுதுபார்க்கிறவன். அவனிடம் குளிர்வசதியோடு ஒரு வண்டி உண்டு.

முத்திரை இல்லாத கறி. அதுவும் இந்தக் கொட்டகை ஆடு.

அவள் ஃபோனை எடுத்தாள்.

* * *

"எங்க இருக்கீங்க?"

"பாலத்துக்கிட்ட. ஒரே நெரிசல்."

"வண்டில என்ன இருக்கு?"

ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவள் கணவனின் குரல் தாழ்ந்தது.

"தெரிஞ்சுட்டுத்தானே கேக்கற?"

"விடுதியில இறக்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இங்க பாரு, நீ யார் பக்கம்னு மட்டும் என்னைக் கேக்காத. அவன் காலைல வந்து அழாத குறையா நின்னான். என் தம்பி. நான் என்ன செய்ய?"

"பக்கம் பத்தி இப்போ பேச்சில்ல. வண்டியத் திருப்புங்க."

"திருப்பினா அவன் என் மூஞ்சிலயே முழிக்க மாட்டான். ஒரு நாள் கறி. நல்லாத்தான் இருந்துது, நானே பாத்தேன். நீ விட்டுட்டங்கறதுக்காக..."

"அந்த ஈரல விடுதிப் பிள்ளைங்க சாப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"நீ எப்பவும் இப்படித்தான் பயமுறுத்துவ."

அவள் பதில் சொல்லுமுன், மாமனார் எழுந்து வந்து கையை நீட்டினார். ஃபோனை வாங்கினார்.

"டேய், நான் பேசறேன். அவ சொல்றது சரி. ஆட்டுக்கு ஆகாதத நான் வச்சுட்டேன். தெரியாம வச்சுட்டேன். வண்டியத் திருப்பு. தம்பி கேட்டா அப்பா சொன்னாருன்னு சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "அவ மேல பழி போகக் கூடாதுடா" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுக்கொண்டு ஓரகத்தி கொல்லை வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. முகத்தில் இருந்த நீளமெல்லாம் போய்விட்டிருந்தது.

"அக்கா" என்றாள். "அந்தக் குறட்டை விடற ஆடு எழுந்திருக்க மாட்டேங்குது."

* * *

அது மூலையில் கால் மடக்கிப் படுத்திருந்தது. கண்ணின் வெள்ளை நன்றாகவே மஞ்சள். கீழே சிறுநீர் பட்ட ஈரம் கருஞ்சிவப்பாக இருந்தது. இதில் யாருக்கும் எந்த வெளிச்சமும் தேவைப்படவில்லை.

டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்ல, ஓரகத்தி கரண்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கால்நடை மருந்துக் கடைக்கு ஸ்கூட்டரில் பறந்தாள். திரும்பி வந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மருந்தைக் கரைத்தாள். மற்ற ஆடுகளைச் சத்தம் போடாமல், ஒவ்வொன்றாக, மாமனார் பேச்சுக் கொடுத்தே அந்தப் பக்கம் நகர்த்தினார். விரட்டக் கூடாது, பதறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். ஆடுகள் பதறவில்லை. பதறியதெல்லாம் மனிதர்கள்தான்.

வாசலில் செருப்புச் சத்தம். சின்னவன்.

"வண்டியத் திருப்பச் சொன்னது யாரு? சமையல்காரர் வேற கடைக்குப் போயிட்டார். எல்லாம் போச்சு. இப்போ சந்தோஷமா அண்ணி?"

"நான் சொன்னேன்" என்றார் அப்பா.

"நீங்களா?"

அவர் வெளியே கிடந்த உப்புக்கட்டியைக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். சுற்றி வளைக்காமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல், கடையில் ஆளிடம் கணக்குச் சொல்கிற மாதிரி நேராகச் சொன்னார். கறியை விட்டதையும் சேர்த்துச் சொன்னார். பல்லைப் பற்றியும்.

சின்னவன் அப்பாவைப் பார்த்தான். படுத்திருந்த ஆட்டைப் பார்த்தான். டாக்டர் ஒரு கையால் ஆட்டின் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மருந்து கொடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

அவன் வந்து மண்டியிட்டான். ஆட்டின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்து, வாயை லாவகமாகத் திறந்து பிடித்தான். கறிக்கடைக்காரன் கை. ஆடு திமிரவில்லை.

மருந்து இறங்கியது.

"பொழைக்குமா?"

"தெரியல. இன்னிக்குத் தாண்டிடுச்சுன்னா சொல்லலாம். மத்ததெல்லாம் காப்பாத்திடலாம்னு நினைக்கறேன்."

சின்னவன் ஆட்டின் வாயோரம் வழிந்த மருந்தைத் துடைத்தான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். நெஜமாச் சொல்லுங்க. கறிய ஏன் விட்டீங்க?"

"சொன்னாச் சிரிப்ப."

"சிரிக்கற நிலைமைலயா இருக்கேன்?"

"ஒரு நாள் மத்தியானம் இங்கதான் சாப்பிட்டுட்டு இருந்தேன். திடீர்னு பாத்தா, என் விரல் தட்டுல இருக்கற கறிய அழுத்திப் பாத்துட்டு இருக்கு. கட்டி இருக்கா, நிணமுடிச்சு வீங்கியிருக்கான்னு. வாய்ல வச்சா ருசி தெரியல, நோய் தேடறேன். தள்ளி வச்சுட்டேன். மறுநாளும் அப்படியேதான். கறி சாப்பிடற நேரமெல்லாம் நான் வேலைதான் பாத்துட்டு இருக்கேன். சரி, சாப்பிடற நேரத்துலயாவது லீவு வேணும்னு விட்டுட்டேன். பாவ புண்ணியம் ஒண்ணும் இல்ல."

சின்னவன் சிரிக்கவில்லை. ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"இதுவா? இத அன்னிக்கே மேஜைல சொல்லியிருக்கக் கூடாதா? எங்களப் பாத்து அருவருப்புப் பட்டுட்டீங்கன்னு நினைச்சேன். என் கை, என் கடை, என் துணில வர்ற வாசனை. எல்லாம் உங்களுக்கு ஆகாமப் போச்சுன்னு."

"எல்லாரும் சாப்பிடற இடத்துல நோய், கட்டின்னு பேசுவாங்களா? அதான் சொல்லல." அவள் நிமிர்ந்தாள். "அருவருப்பா? இந்த வீட்டுக்கு வந்த புதுசுல நீ கொண்டு வர்ற கறிக்காகவே நான் வேலைலேர்ந்து ஓடி வந்திருக்கேன். உனக்குத் தெரியாது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

வண்டி வந்து நின்றது. அவள் கணவன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். உள்ளே இரண்டு ஆடுகள், உரித்து, துண்டு போட்டு, பெட்டிகளில். முத்திரை இல்லாமல்.

"இத என்ன பண்றது?" என்றான், யாரையும் நேராகப் பார்க்காமல்.

"கொல்லைல குழி வெட்டிப் புதைச்சுடுங்க" என்றாள் ஓரகத்தி அவசரமாக. "யாருக்குத் தெரியப்போகுது? அக்கா எதையும் பாக்கல. என்ன அக்கா?"

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

புதைத்துவிடலாம். நாளைக் காலை அதிகாரி வருவார், மஞ்சளைப் பார்ப்பார், அவள் கண் சரிதான் என்று தெரிந்துவிடும், முத்திரை திரும்பக் கைக்கு வரும். உப்புக்கட்டியைப் பற்றிச் சொன்னால் கொட்டகையைப் பார்க்க வருவார். இத்தனை வாங்கினீர்களே, இரண்டு எங்கே என்பார். அப்போது அவள் என்ன சொல்வாள்? 'பார்க்கவில்லை' என்றா?

"கடை உரிமம் போயிடுமா அண்ணி?" சின்னவன் மெதுவாகக் கேட்டான்.

"போகலாம்."

"நீங்க சொல்லாம இருக்க முடியாதா?"

"என்னால முடியாது தம்பி. உனக்காக முடியணும்னு நினைக்கறேன். முடியல."

ஓரகத்தி விசும்பத் தொடங்கினாள். மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டார். அவள் கணவன் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

டாக்டர் அதிகாரியின் எண்ணை அழுத்தினாள். இரண்டு மணிச்சத்தத்தில் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க டாக்டர்."

"சார், எங்க வீட்டுக் கொட்டகை ஆடு... ரெண்டு..."

சின்னவன் ஆட்டின் தலையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான். அவள் கையிலிருந்த ஃபோனை வாங்கினான்.

"சார், நான் அவங்க கொழுந்தன் பேசறேன். காலைல அவங்களப் பத்திச் சங்கத்துல பேசினது நான்தான். அந்த ரெண்டு ஆட்ட முத்திரை இல்லாம வெட்டினதும் நான்தான். அவங்களுக்கு இப்போதான் தெரியும். கறி எதுவும் வெளியில போகல சார், வண்டியிலயே இருக்கு."

அந்தப் பக்கம் அதிகாரி ஏதோ கேட்டார். யாருக்கும் கேட்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த சின்னவனின் முகம் மெல்ல வெளுத்தது. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி, அண்ணனைப் பார்த்தான்.

"அண்ணா" என்றான். "ஈரல் எங்கன்னு கேக்கறார். காலைல நாம அந்த ரெண்டு ஆட்டு ஈரலையும் எந்தப் பெட்டியில வச்சோம்?"